சாமியார் ராஜா மடத்தை ஏன் கொளுத்தினாரு?

பூண்டுக்காட்டான் (பூம்பாறை):
நாலு நாளா மழை விட்டபாடில்ல, கரண்ட்டும் வந்து வந்து போகுது, சார்ஜ் இருக்கற வரைக்கும் மொபைல்ல பழைய அயர்லாந்து கதையா படிச்சிட்டு கெடந்தேன், அதுல ஒரு ராஜா மண்டைய கொடையுறாரு. ஃபெலிமிட் மக் கிரிம்தன், தெக்க மன்ஸ்டர் பக்கம், கேஷல் பாறைதான் கோட்டை, 820ல இருந்து 847 வரைக்கும் ஆண்டிருக்காரு. கேலி டேன்னு ஒரு கறாரான துறவிக் கூட்டத்தோட சேர்ந்தவராம் (பேருல கேலி இருக்கேன்னு சிரிக்காதீங்க, கடவுளோட ஆளுங்கன்னு அர்த்தம்). இவரு 833ல குளோன்மக்நாய்ஸ் மடத்துக்குப் போயி துறவிகள வெட்டி சர்ச் வாசல் வரைக்கும் தீ வெச்சிருக்காரு. வைக்கிங் வந்து கொளுத்துனான்னா சரிங்கலாம், சாமி கும்புடுற ராஜா எதுக்கு?

மூஞ்சிக்கல் முருகேசு:
தம்பி, மடம்னதும் மரத்தடில ஜபம் பண்ற எடம்னு நெனச்சுக்கிட்டீங்க. அப்ப அங்க டவுனே கெடையாது, பெரிய மடம்தான் ஊரு, களஞ்சியம் எல்லாம், நெலம் மாடு குடியானவன்னு சொத்து கொட்டிக் கெடக்கும், மடாதிபதி பதவியும் பல எடத்துல பெரிய குடும்பத்துக்குள்ளயே சுத்தும். அப்போ மடத்துல கை வெச்சா எதிரி மடியில கை வெச்ச மாதிரிதான. 836ல கில்டேர் மடத்துல, ஆர்மாங்கற இன்னொரு பெரிய மடத்தோட மடாதிபதி இருக்கும்போதே ஆயுதத்தோட போய் அந்த எடத்த புடிச்சாரு, அப்பறம் குளோன்ஃபெர்ட் மடாதிபதி நாற்காலில தானே ஏறி உக்காந்துட்டாரு. பக்தி ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம்.

வர்க்கி பிரியன் (ஊட்டி):
இதுல மாட்ட விட்டுட்டீங்களே அண்ணே. அங்க சொத்துன்னாலே பசுக் கணக்குதான், புதுசா பட்டத்துக்கு வந்தவன் பக்கத்து நாட்டு மாட்ட ஓட்டிட்டு வந்து காட்டணும். நம்ம வெட்சித் திணை அப்படியே. ஒங்க பொதினி மலை பேகன் மாதிரி ஒரு குறுநில மன்னன்னு வெச்சுக்கலாம்.

மூஞ்சிக்கல் முருகேசு:
மயிலுக்குப் போர்வை குடுத்த மனுசன இவரோட சேக்காதீங்க தம்பி, பாவம். அதோட இவரு சின்ன ராஜாவும் இல்ல, அந்த மாதிரி சின்ன ராஜாக்கள் நூத்துக்கும் மேல இருந்தாங்க, இவரு அவங்கள்ல பல பேருக்கு மேல ஒரு மாகாணத்துக்கே ராஜா. 840ல தாரா மலையிலயே போய் கூடாரம் போட்டாரு, அது வடக்கு ராஜாக்களோட கௌரவச் சின்னம், சும்மா விடுவாங்களா? அடுத்த வருஷம் வடக்கு ராஜா நியால் கய்லி அடிச்ச அடில தன்னோட செங்கோல்தடிய, அதாவது பிஷப் வெச்சிருக்கற வளைஞ்ச தடி, முள்ளுக்குள்ள போட்டுட்டு ஓடிட்டாராம். அத கிண்டல் பண்ணி ஒரு பாட்டே வருஷக் குறிப்புல எழுதி வெச்சிருக்கான். ஆனா செத்தப்ப அல்ஸ்டர்ங்கற வடக்குப் பகுதியோட வருஷக் குறிப்புல இவரதான் ஐரிஷ்காரங்கள்லயே சிறந்தவர், எழுத்தர், துறவின்னு எழுதுறாங்க! குளோன்மக்நாய்ஸ்காரன் விடுவானா, எங்க மடத்த ஆரம்பிச்ச கீரான் சாமி கனவுல வந்து தடியால வயித்துல குத்துனாரு, அதுலதான் போய்ச் சேந்தாருன்னு கத கட்டிட்டான்.

பூண்டுக்காட்டான் (பூம்பாறை):
தடி மேட்டர் படிச்சு சிரிச்சிட்டேன் ண்ணே. போன வாரம் காட்டு ஓரமா காட்டுமாடு ஒண்ணு நின்னு மொறச்சுது, ஓடுன ஓட்டத்துல கொட முள்ளுப்புதர்ல மாட்டிக்கிச்சு, இன்னும் அங்கதான் தொங்குது. மழ விட்டதும் போய் எடுக்கணும், மாடு போயிருந்தா.