நியூ ஆர்டர் ‘டெக்னிக்’ எல்பி: அலமாரியிலிருந்து திரும்ப எடுத்தவர்கள் அனுபவம்

கறுப்புத்தட்டு:
நியூ ஆர்டர் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் ஆல்பம். ஃபேக்டரி நிறுவனத்தின் 1989 அச்சு, ரொம்ப வருஷமாக வெளியே வராத பிரதி. முதல் பக்கம் பிரமாதம். ‘ஃபைன் டைம்’ கிக் டிரம் நெஞ்சில் இடிக்கிறது, முடிவில் வரும் ஆட்டுச் சத்தம்கூடத் தெளிவு. பீட்டர் ஹூக் பேஸ் கிதாரின் மேல் ஃப்ரெட்டுகளில் வாசிப்பது தனிக் குரலாகவே நிற்கிறது. இபிஸா கிளப் தாளமும் கிதார் பாட்டும் ஒரே தட்டில் சண்டையில்லாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பிரச்சினை இரண்டாம் பக்கத்தில். ‘ரன்’, ‘மிஸ்டர் டிஸ்கோ’, ‘வானிஷிங் பாயின்ட்’ மூன்றும் சுத்தம். கடைசிப் பாட்டு ‘ட்ரீம் அட்டாக்’கில் பாடகர் சம்னர் ‘ஸ்’ சொல்லும் இடமெல்லாம் ‘ஷ்ஷ்’ என்று கிழிகிறது. கண்ணுக்குக் கீறல் இல்லை. சிடியில் அதே வரிகள் சுத்தமாக இருக்கின்றன. உங்கள் பிரதியில் எப்படி?

ஊசிமுனை:
இங்கேயும் அதே பாட்டு, அதே ‘ஸ்’. தட்டை மாற்றும் முன் கணக்கைப் பாருங்கள். 33⅓ சுற்றில் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. குரூவ் (தட்டில் வெட்டிய பள்ளம்) ஓடுகிறது. லேபிளை நெருங்கி 6 செ.மீ. ஆரத்துக்கு வந்தால் அது 21 செ.மீ. ஆகிவிடும். 10,000 ஹெர்ட்ஸ் அலை ஒன்று வெளியே 51 மைக்ரான் நீளத்தில் இருக்கிறது, உள்ளே 21 மைக்ரானுக்குள் நெருக்கப்படுகிறது. 18 மைக்ரான் ஆரமுள்ள உருண்டை ஊசி அந்த வளைவுக்குள் இறங்காது. ‘ஸ்’ முழுக்க உயர் அதிர்வெண் என்பதால் முதலில் கிழிவது அதுதான்.

கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய சின்னப் பெட்டி) கோணம் சரியில்லாவிட்டால் இது இரட்டிப்பாகும். செய்ய வேண்டியது: கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல்லின் இரண்டு திருகுகளையும் கார்ட்ரிட்ஜ் நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். கோணம் பார்க்கும் அட்டையான பேர்வால்ட் புரோட்ராக்டரில் தட்டின் நடுவிலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. என இரண்டு புள்ளிகள் இருக்கும். இரண்டிலும் ஊசி சரியாகப் புள்ளியில் இறங்க வேண்டும், கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டு கட்டக் கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். ஒன்றில் சரியாக வந்து மற்றதில் கோணினால் ஓவர்ஹேங் (ஊசி தட்டின் நடு அச்சைத் தாண்டி நீளும் அளவு) தவறு, முன்னே பின்னே நகர்த்துங்கள். பிறகு ஊசி தட்டை அழுத்தும் எடை. ஆர்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் என்றால் 1.8 கிராம், ஏடி-விஎம்95இ என்றால் 2 கிராம். டோன்ஆர்மில் (ஊசியைத் தாங்கும் கை) உள்ள எண்ணை நம்பாதீர்கள், சின்ன டிஜிட்டல் தராசில் அளந்து பாருங்கள். ‘எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது’ என்று 1.3 வைப்பவர்கள் உண்டு. அப்போது ஊசி சுவரை விட்டுத் துள்ளி, விழும் இடத்தை வெட்டும்.

வலது சேனலில் மட்டும் கிழிந்தால் ஆன்டி-ஸ்கேட் (கையை உள்நோக்கி இழுக்கும் விசைக்கு எதிர்விசை) போதவில்லை, கொஞ்சம் கூட்டுங்கள்.

பெல்ட்டோட்டம்:
வேறு ஒன்று, ஆனால் இதே ஆல்பம். அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வந்த பழைய பெல்ட் டிரைவ் டெக், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓடியது. ‘ஃபைன் டைம்’ ஆரம்பித்ததும் கூடியிருந்த ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தப் பாட்டில் குரலையே வேண்டுமென்று கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள், மெதுவாக ஓடினாலும் ‘இதுதான் போல’ என்று தோன்றிவிடும். இரண்டாவது பாட்டு ‘ஆல் தி வே’ வந்து சம்னர் சொந்தக் குரலில் பாட ஆரம்பித்தபோதுதான் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சுருதி சுமார் மூன்று அரைச்சுரம் கீழே.

காரணம் எளிது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஏசி சிங்க்ரனஸ் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஓடினால் 33⅓ என்பது 27.8 சுற்றாகிவிடும். 20 நிமிடப் பக்கம் 24 நிமிடம் ஓடும். தீர்வு, மோட்டார் தண்டில் உள்ள புல்லியை 50 ஹெர்ட்ஸ் புல்லியாக மாற்றுவது, விட்டம் 1.2 மடங்கு பெரியதாக இருக்கும். கிடைக்காவிட்டால் 60 ஹெர்ட்ஸ் உண்டாக்கித் தரும் தனி பவர் சப்ளை. வேகத்தைச் சோதிக்க ‘ஃபைன் டைம்’ போடாதீர்கள், அவ்வளவுதான்.

ஈரத்துணி:
ஊசிமுனை சொல்வதோடு உடன்பாடில்லை. வருஷக்கணக்கில் நின்ற தட்டைக் கழுவாமல் புரோட்ராக்டரைத் தூக்குவது தலைகீழ் வேலை. இந்தத் தட்டிலேயே ‘வானிஷிங் பாயின்ட்’ தொடக்கத்தில் மங்கலாகக் கேட்ட ஹை-ஹாட் கழுவியதும் பளிச்சென்று வந்ததைக் கேட்டபிறகு சொல்கிறேன்.

டிஸ்டில்டு வாட்டர் 750 மி.லி., ஐசோபுரோபைல் ஆல்கஹால் 250 மி.லி., ஃபோட்டோ ஃபிலிம் கழுவ விற்கும் வெட்டிங் ஏஜென்ட் மூன்று நான்கு சொட்டு. சொட்டு கூடினால் படலம் ஒட்டி ஊசியில் வெள்ளையாகச் சேரும். குழாய்த் தண்ணீர் கூடாது, அதிலுள்ள உப்பு குரூவுக்குள் காய்ந்து புதுச் சத்தம் தரும். லேபிளில் ஈரம் படாமல் மூடுங்கள். மென்மையான பிரஷ், குரூவ் ஓடும் திசையிலேயே வட்டமாக. குறுக்கே தேய்த்தால் அழுக்கு சுவரில் அப்பிக்கொள்ளும். ஒரு நிமிடம் ஊறட்டும், காய விடாதீர்கள். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு முறை அலசல். மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, தட்டு ஸ்டாண்டில் நிமிர்த்தி அரை மணி நேரம்.

கழுவியதைப் பழைய காகித உறைக்குள் திரும்பப் போட்டால் வேலை வீண். புது ஆன்டி-ஸ்டாடிக் உள்ளுறை வாங்குங்கள், பழைய உறையை அட்டைக்குள் தனியே வைக்கலாம். பீட்டர் சாவில் வடிவமைத்த அந்தக் குழந்தைத் தேவதைச் சிலை அட்டை பளபளக்க வேண்டும் என்று பிவிசி வெளியுறை போட்டு, தட்டையும் அதனுள்ளேயே வைக்கிறார்கள். வெயில் காலத்தில் பிவிசியிலிருந்து கசிவது தட்டின் மேல் பனிமூட்டம்போல் படியும். அது எந்தக் கழுவலுக்கும் போகாது. பாலிப்ரோப்பிலீன் உறை போதும். அலமாரியில் செங்குத்தாக, சாயாமல்.

ஊசியையும் துடையுங்கள். பின்னாலிருந்து முன்னால், உலர்ந்த பிரஷ்.

ஊசிமுனை:
கழுவ வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? ஆனால் அழுக்கு என்றால் சடசடப்பு பக்கம் முழுக்க இருக்கும், பாட்டு பார்த்து வராது. கறுப்புத்தட்டு சொல்வது கடைசிப் பாட்டில் மட்டும், அதுவும் ‘ஸ்’ஸில் மட்டும். உங்கள் ஹை-ஹாட் வேறு நோய். கழுவி, கோணமும் சரிசெய்த பிறகும் கிழிந்தால் ஒரே ஒரு சந்தேகம் மீதி: முன்பு யாரோ 5 கிராம் அழுத்தும் செராமிக் பிக்கப்பில் ஓட்டித் தேய்த்திருக்கிறார்கள். மைக்ரோலைன் என்னும் மெல்லிய விளிம்புள்ள ஊசி தேயாத ஆழத்தைத் தொடும் என்பதால் அதில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதிலும் கிழிந்தால் குரூவே போய்விட்டது, வேறு பிரதிதான்.

நாலுபக்கம்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ‘டெக்னிக்’ ஒரு பக்கத்துக்கு 19, 20 நிமிடம். பேஸ் கனமான நடன இசைக்கு அகலமான குரூவ் வேண்டும், ஆகவே கடைசிப் பாட்டு உள்ளே தள்ளப்படுகிறது. பிரைமல் ஸ்க்ரீம் குழுவின் 1991 ‘ஸ்க்ரீமடெலிகா’வைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான இசையை இரண்டு தட்டுகளில் நாலு பக்கமாகப் பிரித்திருக்கிறார்கள், பக்கத்துக்குச் சராசரி 16 நிமிடம். ஆண்ட்ரூ வெதரால் செய்த ‘லோடட்’டில் பேஸ் இறங்கும் இடம் இப்போதும் மனதைவிட்டுப் போகவில்லை. வால்யூம் கூட்டாமலே அறை நிறைந்தது. ‘டெக்னிக்’கில் அந்த அளவு வேண்டுமென்றால் ‘ரவுண்ட் அண்ட் ரவுண்ட்’ 12 அங்குல சிங்கிளைத் தேடுங்கள்.

கறுப்புத்தட்டு:
வலது சேனலில்தான் அதிகம். ஆன்டி-ஸ்கேட்டில் தொடங்குகிறேன். பெல்ட்டோட்டம், என்னுடையது டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாமல் மோட்டாரே தட்டைச் சுற்றும்), வேகத்தை எப்படி உறுதி செய்வது?

பெல்ட்டோட்டம்:
குவார்ட்ஸ் கட்டுப்பாடு இருந்தால் ஹெர்ட்ஸ் பயம் இல்லை. ஆனாலும் ஸ்ட்ரோப் அட்டை (வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும் அட்டை) வைத்துப் பாருங்கள். 33⅓-க்கு 50 ஹெர்ட்ஸ் வளையத்தில் 180 கோடு, 60 ஹெர்ட்ஸ் வளையத்தில் 216. நீங்கள் பார்க்க வேண்டியது 180. பல எல்ஈடி பல்புகளில் மின்சாரத்தோடு சேர்ந்த துடிப்பு இருக்காது, கோடு தெளியாது. பழைய குண்டு பல்பு அல்லது சோக் போட்ட டியூப் லைட்டின் கீழ் வைத்து, தட்டின் மேல் ஊசியை இறக்கிவிட்டுப் பாருங்கள். ஊசியின் இழுவை இல்லாமல் பார்த்த வேகம் கணக்கில் வராது.