முதல் கல் கைக்கு வந்த கதை

திருச்சியிலிருந்து

இரத்தினக் கற்களைச் சேர்க்க ஆசையாக இருக்கிறது, முதலில் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். முதல் ஆறு மாதம் எதையும் வாங்க வேண்டாம் என்பேன். வீட்டு நகைப்பெட்டியைத் திறந்து பாருங்கள். நான் அங்கிருந்துதான் தொடங்கினேன்.

என் தாத்தா ரங்கூனில் வேலை பார்த்துவிட்டு 1930களின் கடைசியில் ஊர் திரும்பியவர். அவர் கொண்டுவந்த மோதிரத்தில் ஒரு கெம்பு, அதாவது மாணிக்கக் கல், இருந்தது. 'பர்மா கெம்பு' என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். கல்லைப் பிடித்திருந்த தங்கம் தேய்ந்து, ஒருநாள் கல் கழன்று விழுந்தது. பத்தரிடம் போவதற்கு முன்பு, பட்டை தீட்டும் தொழிலில் பல காலம் இருந்த பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். எங்கள் ஊரில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது குடிசைத் தொழிலாகப் பரவியிருந்த ஒன்று. குச்சி முனையில் அரக்கு வைத்துக் கல்லைப் பதித்து, சாணையில் பிடித்துப் பிடித்தே பலருக்கு விரல் நுனி மரத்துப் போயிருக்கும்.

அவர் கல்லைத் துடைத்தார். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு, கல்லைத்தான் அதன் அருகே கொண்டு வந்தார். முழங்கை இரண்டும் மேசையில் ஊன்றியிருந்தன. ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு கண்ணாடித் தம்ளரில் தேங்காய் எண்ணெய் கொண்டு வந்து கல்லை அதில் போட்டார். அடியில் வெள்ளைத் தாள், அதற்கும் கீழே டார்ச். கல்லின் விளிம்பு எண்ணெயில் மங்கி, உள்ளே இருப்பது மட்டும் தெரியத் தொடங்கியது.

"தம்பி, கோடு தெரிகிறதா? நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா?"

வளைந்திருந்தது. அறுத்த மரத்தின் வளையங்களை ஒரு ஓரத்தில் மட்டும் பார்ப்பதுபோல, மெல்லிய சிவப்பு வில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. மண்ணுக்குள் விளையும் கெம்பு தட்டையான முகங்களில் படிந்து படிந்து வளர்வதால் அதன் கோடுகள் நேராக ஓடி, கோணத்தில் மடங்கும். வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902இல் அறிவித்த முறையில், அலுமினாத் தூள் தீச்சுடர் வழியாக விழுந்து உருகி, ஓர் உருண்ட தலையின்மேல் சேர்ந்துகொண்டே போகும். அதனால் கோடும் வளைகிறது. தாத்தாவின் கல் உலையில் பிறந்தது.

இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. அவர் லூப்பை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "அவருக்கு இது தெரிந்திருக்குமா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கல்தான் என் பெட்டியில் ஒன்றாம் எண்.

பிறகு எடை பார்க்கக் கற்றுக்கொண்டேன். 0.01 கிராம் காட்டும் சிறிய மின்னணுத் தராசு போதும். என் கல் 0.80 கிராம், அதாவது 4 காரட். ஒரு கிண்ணத் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியில் படாமல் நீருக்குள் தொங்கவிட்டேன். தராசு 0.20 காட்டியது. கல் விலக்கிய நீரின் எடை அது. 0.80ஐ 0.20ஆல் வகுத்தால் 4. கெம்புக்கும் நீலக்கல்லுக்கும் உரிய அடர்த்தி அதுதான். குவார்ட்ஸ் என்ற படிகக் கல் என்றால் 2.65 வந்திருக்கும். உலையில் செய்த கெம்பும் இதே 4தான் காட்டும். தராசால் இனத்தைக் கணிக்க முடியும், எங்கே பிறந்தது என்று சொல்ல முடியாது. அதற்கு லூப்தான் வேண்டும். பணம் செலவழிப்பதாக இருந்தால் முதல் செலவு அதற்கே இருக்கட்டும்.

சென்னையிலிருந்து

திருச்சிக்காரர் சொன்னதைக் கேட்காமல் முதல் மாதமே வாங்கியவள் நான். மிகக் குறைந்த விலைக்குப் பெரிய, ரத்தச் சிவப்புக் கெம்பு மோதிரம். அதை அணிந்துகொண்டே சமைத்தேன், எலுமிச்சை ஊறுகாய்க்குப் பழம் நறுக்கினேன். சில மாதங்களில் கல்லின்மேல் வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள் ஓடின. வெடிப்பு நிறைந்த மட்டமான கெம்பில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பியிருக்கிறார்கள். அந்தக் கண்ணாடியை எலுமிச்சையின் புளிப்பு அரித்துவிட்டது. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னும் கோபம் ஆறவில்லை.

காங்கேயத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து

எங்கள் பக்கத்தில் உழுதாலே கல் வரும். வெங்கச்சாங்கல்லை (வெள்ளைக் குவார்ட்ஸ்) வரப்பில் குவித்து வைத்திருப்பார்கள். அதற்கு நடுவே எப்போதாவது ஒன்று வேறு மாதிரி இருக்கும். எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்புச்சி ஒரு கல்லைக் கழுவி என் உள்ளங்கையில் வைத்தார். "திருப்பிப் பார், கண்ணு" என்றார். பால் கலந்த தண்ணீர் போல இருந்த கல்லுக்குள் ஒரு நீல வெளிச்சம், கையைச் சாய்க்கச் சாய்க்க, எண்ணெய்போல வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. சந்திரகாந்தக் கல்.

வளர்ந்த பிறகு மரகத இனத்துப் பெரில், ஊதாநீல அயோலைட் எல்லாம் சேர்த்தேன். அயோலைட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு பக்கம் கத்தரிப்பூ நிறம், கால் வட்டம் திருப்பினால் வைக்கோல் நிறம். முதல்முறை அதைப் பார்த்த அன்று முழுவதும் என்னால் வேறு வேலை செய்ய முடியவில்லை.

நான் செய்த பெரிய தவறைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது கற்களை ஒரே பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். எது எந்தத் தோட்டத்தில் கிடைத்தது என்று நினைவில் இருக்கும் என்று நம்பினேன். இருக்கவில்லை. அப்புச்சி கொடுத்த கல் எது என்றுகூட இன்று உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்று சந்திரகாந்தங்களில் ஏதோ ஒன்று. இப்போது ஒவ்வொரு கல்லின் அடியிலும் வெள்ளை மையால் ஒரு பொட்டு, அதன்மேல் எண், நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே இடம், நாள், கொடுத்தவர். கல் சிறியதாக இருந்தால் தனி உறையில் போட்டு உறைமேல் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்வில் பெரில், நீலம், சூதுபவளம், படிகம் ஆகியவற்றில் மணிகளும், பாதி செய்து விடப்பட்ட கற்களும் வெளிவந்த இடம். பக்கத்துப் படியூரின் பெரில் பழங்காலத்தில் ரோம் வரை போயிருக்கிறது. மழை பெய்த மறுநாள் அந்தக் காட்டில் மணி பொறுக்கப் போவதாகச் சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். துளையிட்ட மணி கிடந்த இடத்திலேயே கிடந்தால்தான் அது யார் செய்தது, எப்போது செய்தது என்று ஒருவர் படித்துச் சொல்ல முடியும். என் டப்பாவுக்கு நேர்ந்தது அந்த ஊருக்கு நேர வேண்டாம். மற்ற இடங்களிலும் தோட்டக்காரரைக் கேட்டுவிட்டு எடுங்கள். எங்கள் ஊரில் கேட்டால் மோர் கொடுத்துக் கல்லும் கொடுப்பார்கள்.

இலங்கை பேருவளையிலிருந்து

திருச்சி நானா உள்ளே பார்க்கச் சொன்னார். நான் பக்கவாட்டிலும் பார்க்கச் சொல்கிறேன். வாப்பா எங்கள் ஊர் சீனன்கோட்டையில் கல் வியாபாரம் செய்தவர். என் பதினைந்தாம் வயதில் ஒரு நீலத்தைக் கையில் கொடுத்து "நிறம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். கல் முழுவதும் என்றேன். முகம் கீழாக வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டினார். உடம்பு தண்ணீர்போல இருந்தது. அடிமுனையில் மட்டும் ஒரு மைத்துளி. அந்தத் துளி கூம்பின் முனையில் வரும்படி பட்டை தீட்டினால், மேலிருந்து பார்ப்பவருக்கு முழுக் கல்லும் நீலமாகத் தெரியும். இது ஏமாற்று அல்ல, எங்கள் கைவினை. ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, விலை கேட்பதற்கு முன்பு "சூடேற்றியதா?" என்று கேளுங்கள். கெவுடா என்று நாங்கள் சொல்லும், பால்போல மங்கிய கற்களை 1970களில் தாய்லாந்துக்காரர்கள் இங்கிருந்து வாங்கிப்போய், கடுஞ்சூட்டில் நீலமாக்கி விற்றார்கள். சூடேற்றிய கல்லும் நல்ல கல்தான், அதன் விலைதான் வேறு. சந்தேகம் இருந்தால் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

வாப்பா மௌத்தாகும் முன்பு எனக்குத் தந்தது இரத்தினபுரியில், 'இல்லம்' என்று நாங்கள் சொல்லும் கல் படிந்த சரளை மண்ணில் கிடைத்த ஒரு பட்டை தீட்டாத நீலம். இரண்டு பக்கமும் கூம்பி, நடுவில் பருத்து, ஒரு முனையில் மட்டும் நிறம். தீட்டித் தருகிறேன் என்று இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கொடுக்கவில்லை.