பாட்டி படம்: எந்த எடிட் போடலாம்?

நான்: பாட்டி ஜன்னலோரமா உட்கார்ந்திருக்கிற படத்தைத்தான் பெருசா பிரிண்ட் போடப் போறோம். ஒரே படத்துக்கு நாலு ப்ரீசெட் போட்டு அனுப்பியிருக்கேன். 1 எதுவும் செய்யாதது, 2 வார்ம், 3 டீல்-ஆரஞ்சு (டீல்னா நீலப்பச்சை), 4 ஃபேடட் ஃபிலிம், 5 கறுப்பு-வெள்ளை. நம்பர் போடுங்க.

சித்தி: 2 தான்! அம்மா முகம் எவ்ளோ பளிச்சுன்னு இருக்கு

அண்ணா: 3. சினிமா ஸ்டில் மாதிரி இருக்கு

அம்மா: 3ல புடவை பச்சையாத் தெரியுதே. அது நல்ல நீலமாச்சே

நான்: ஆமாம்மா. டீல்-ஆரஞ்சு நீலத்தைப் பச்சைப் பக்கம் தள்ளும், தோலை ஆரஞ்சுப் பக்கம் இழுக்கும்.

மாமா: ப்ரீசெட்னா என்னம்மா, ஃபில்டரா?

நான்: கிட்டத்தட்ட அதுதான் மாமா. லைட்ரூம்ங்கிற போட்டோ எடிட் பண்ற ஆப்ல வெளிச்சம், நிழல், ஒவ்வொரு நிறம்னு தனித்தனி ஸ்லைடர் இருக்கும். ஒருத்தர் தன்னோட படத்துக்கு எல்லாத்தையும் நகர்த்தி வச்சு சேவ் பண்ணினா அதான் ப்ரீசெட். அவர் வெயில்ல எடுத்ததுக்குச் செஞ்ச கணக்கு நம்ம ஜன்னல் நிழலுக்கு அப்படியே ஒத்துவராது.

அண்ணா: 2ல மட்டும் வெளிச்சம் கூட்டினியா?

நான்: நான் தொடலண்ணா. அந்த ப்ரீசெட்டுக்குள்ளயே எக்ஸ்போஷர் கூடுதலா இருக்கு. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா வெளிச்சமா இருக்கிறதுதான் முதல்ல கண்ணை இழுக்கும். நாம நிறத்துக்கு ஓட்டுப் போடறோமா, வெளிச்சத்துக்கான்னே தெரியாமப் போயிடும். இருங்க, அஞ்சுலயும் முகத்து வெளிச்சத்தை ஒரே அளவாக்கி அனுப்பறேன்.

அண்ணா: டாகுமென்டா அனுப்பு. போட்டோவா போட்டா வாட்ஸ்அப் சுருக்கிடும்

நான்: 📎 5 ஃபைல்

சித்தி: ஐயோ, இப்போ 2ல முகம் மஞ்சளா இருக்கே! பல்பு வெளிச்சத்துல எடுத்த மாதிரி

நான்: சரியாச் சொன்னீங்க சித்தி. வெளிச்சத்தோட நிறத்தைக் கெல்வின்ங்கிற அலகுல அளப்பாங்க. குண்டு பல்பு சுமார் 2700 கெல்வின், மதிய வெயில் 5500 பக்கம். எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும். நம்ம ஃபோன் ஏற்கெனவே கொஞ்சம் வார்மாத்தான் எடுத்திருக்கு. அது மேல ப்ரீசெட்டும் வார்ம் சேர்த்துடுச்சு.

அம்மா: 4 ஏன் புகை படிஞ்ச மாதிரி இருக்கு?

நான்: பழைய ஃபிலிம் மாதிரி தெரியணும்னு கறுப்பைச் சாம்பலாத் தூக்கி விட்டிருக்கு. மூக்குக்கண்ணாடி ஃப்ரேமைப் பெருசாக்கிப் பாருங்க, சுத்தக் கறுப்பு எங்கயுமே இல்ல. எனக்கு இது பிடிக்கல, எடுத்துடறேன்.

மாமா: 5ல கையைப் பாருங்க எல்லாரும். விரல் முட்டி, நரம்பு, மோதிரம் தேஞ்சிருக்கிறது எல்லாம் தெரியுது. கலர்ல நான் கையைக் கவனிக்கவே இல்ல

சித்தி: ஆமாண்ணா 😢 அம்மாவோட கை அப்படியே

நான்: கறுப்பு-வெள்ளையிலயும் நிறம்தான் வேலை செய்யுது மாமா. ஆரஞ்சைக் கூட்டினா தோல் வெளுக்கும், நீலத்தைக் குறைச்சா புடவை இருட்டாகும். இதுல புடவை இருட்டா போனதாலதான் மடியில இருக்கிற கை எடுத்துத் தெரியுது.

அண்ணா: எனக்கு இன்னும் கலர்தான். 2ஐ அப்படியே போடாம அளவைக் குறைச்சுப் பாரேன்

நான்: குறைச்சிட்டேன். அமவுன்ட் 100லேர்ந்து 40. மஞ்சளைக் கூட்டிக் குறைக்கிற டெம்பரேச்சர் ஸ்லைடரை மட்டும் பழைய இடத்துக்கே கொண்டு வந்துட்டேன் 📎

அம்மா: இதான். இதுதான் எங்கம்மா நிறம்

சித்தி: 👍 புடவையும் நீலமா இருக்கு

மாமா: ஹாலுக்கு அதையே போடுங்க. என் ரூமுக்கு 5 ஒண்ணு வேணும்

நான்: கண்டிப்பா மாமா. ரெண்டையும் முதல்ல சின்ன சைஸ்ல ஒண்ணு போட்டுப் பார்க்கிறேன். ஃபோன் திரை தானே ஒளி விடுது, பேப்பர் விடாது, அதனால பிரிண்ட் கொஞ்சம் இருட்டாத்தான் வரும். முகத்துல வெளிச்சம் பத்தலேன்னா ஏத்திட்டுப் பெருசு போடலாம்.

அண்ணா: ஒரிஜினலை அழிச்சிடாதே

நான்: அது தனி ஃபோல்டர்ல பத்திரமா இருக்குண்ணா