மொரப்பூர் – ஓசூர் சின்ன ரயில்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குழுவில் உள்ள அண்ணன்மார், அக்காமார், பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம். எங்க கொள்ளுத்தாத்தா அந்தக் காலத்துச் சின்ன ரயிலில் கேங்மேன், அதாவது தண்டவாளம் பராமரிக்கிற தொழிலாளி. பாலக்கோடு பக்கம் லைன் ஓரமா நாலஞ்சு குடும்பம் குடியிருந்ததா ஆயா சொல்வாங்க. அந்தக் குடியிருப்பைப் பற்றி எழுதி வைக்க ஆசை.

எனக்குத் தெரிந்தது: பஞ்ச நிவாரணத்தை மனதில் வைத்துப் போட்ட இரண்டரை அடி அகலப் பாதை. 1906-ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரி வரை வந்தது, 1913-ல் ஓசூர் வரை நீண்டது. திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி பாதையும் இதே ஜாதிதான். போர்க்காலத்தில், 1941-ல், மொரப்பூர் – ஓசூர் பாதையை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். கிருஷ்ணகிரி டவுனுக்கு இன்னைக்கு வரைக்கும் ரயில் திரும்பவில்லை!

ஒரு வேண்டுகோள். இப்போ ஓடும் சேலம் – பெங்களூரு லைன் பிற்பாடு, 1960களில் போட்டது. அந்த ஸ்டேஷன் போட்டோக்களை அனுப்ப வேண்டாம், ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது.

பழைய மண்மேடு, கல் பாலம், லைன்காரர் வீட்டுச் சுவர், கிணறு எங்காவது மிச்சம் இருக்கா? ராயக்கோட்டை, மாரண்டஹள்ளி பக்கத்து ஆட்கள் கொஞ்சம் பாருங்க. வீட்டுப் பெட்டியில் பழைய டிக்கெட், சம்பளச் சீட்டு கிடந்தால் படம் எடுத்துப் போடுங்க. தர்மபுரி மாவட்டம் பிறந்ததே 1965-ல்தான், அதனால் பழைய சேலம் மாவட்டக் காகிதங்களில் தேடணும். ஆவணக் காப்பகத்தில் எந்தப் பிரிவில் கேட்கணும்னு தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்க. எண்பது வயசு தாண்டிய பெரியவங்க யாராவது பேசத் தயாராக இருந்தா நேரிலேயே வர்றேன்.