புதுப்பிப்பு: ஜிபிஎஸ் கருவிக்குக் கேபிள் கிடைத்துவிட்டது

நான் போன தடங்களைப் பதிந்துவைக்கும் என் பழைய கையடக்க ஜிபிஎஸ் கருவியைக் கணினியோடு இணைக்க மினி யூஎஸ்பி கேபிள் கோத்தகிரியில் எங்கும் இல்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன். ஊட்டியில் தேடுங்கள் என்றீர்கள். போனேன். கமர்ஷியல் சாலையில் ஐந்து கடை ஏறி இறங்கினேன். எல்லோரும் மைக்ரோ யூஎஸ்பியையே நீட்டினார்கள். மினி அதைவிடத் தடிமன். 2007-இல் மைக்ரோ வந்த பிறகு மெல்ல ஓரங்கட்டப்பட்டது. கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது.

ஆறாவது கடையில் ஒன்று கிடைத்தது, 80 ரூபாய். வீட்டில் செருகினால் கருவி விழிக்கிறது, கணினி மட்டும் கண்டுகொள்ளவில்லை. எரிச்சலில் உறையைக் கீறிப் பார்த்தேன்: உள்ளே சிவப்பும் கறுப்பும் மட்டுமே. தகவலைக் கடத்தும் பச்சை, வெள்ளைக் கம்பிகள் இல்லவே இல்லை. சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமான கேபிள்! என் கருவியோ இரண்டு பென்சில் செல்லில் ஓடுவது; அதற்குச் சார்ஜே வேண்டாம்.

கடைசியில் கைகொடுத்தவர் குன்னூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன். பழைய டிஜிட்டல் கேமராவோடு வந்த கேபிளை இழுப்பறையிலிருந்து உருவி, தூசி தட்டி, "காசெல்லாம் வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார். தொட்டபெட்டாவில் 2,637 மீட்டர் உயரத்தில் குறித்த புள்ளி உட்பட, மூன்று ஆண்டுத் தடங்களும் நேற்றிரவு கணினிக்கு வந்து சேர்ந்தன.