லிட்டில் அந்தமான்: ஹட் பே கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை, அவசர உதவி தேவை

கயல்_சேலம்
வணக்கம். டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு லிட்டில் அந்தமான் போகிறோம். சென்னை–போர்ட் பிளேர் விமானம் எடுத்தாகிவிட்டது. அங்கிருந்து அந்தத் தீவின் துறைமுகமான ஹட் பே போகும் கப்பலுக்கு ஆன்லைனில் பார்த்தால் எங்கள் தேதியே காட்டவில்லை. ஒரு ஏஜென்ட் முன்பணம் அனுப்பினால் கண்டிப்பாக வாங்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? கடற்கரையை ஒட்டி நல்ல ரிசார்ட்டும் சொல்லுங்கள். காடும் கடலுமாக, கூட்டமில்லாத இடம் வேண்டும் என்றுதான் ஹேவ்லாக் தீவை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தோம். இன்றே பதில் தேவை.

பாலா_தூத்துக்குடி
எத்தனை பேர்? வயதானவர்கள், குழந்தைகள் உண்டா? திரும்பும் விமானம் என்று, எத்தனை மணிக்கு? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

ரகு77
கப்பலை மறந்துவிடுங்கள். ஹெலிகாப்டர் இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து நேராக ஹட் பேயில் இறங்கலாம். கப்பலில் எட்டு மணி நேரம் வாந்தி எடுத்துக்கொண்டு போவதற்கு இது எவ்வளவோ மேல்.

அபர்டீன்_செல்வி
ரகு சார், ஹெலிகாப்டரில் இருக்கிற இடமே கொஞ்சம். நோயாளிகளுக்கும் தீவுக்காரர்களுக்கும்தான் முன்னுரிமை. கிடைத்தால் நல்லதுதான், ஆனால் அதை நம்பி ஒரு குடும்பம் திட்டம் போடக்கூடாது. நான் போர்ட் பிளேரில் இருப்பவள் என்பதால் சொல்கிறேன்.

திமிங்கிலம் (மூத்த உறுப்பினர்)
இந்தக் கேள்வி ஒவ்வொரு சீசனிலும் வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. முதலில் விமானம், அப்புறம் ரிசார்ட், கடைசியில் கப்பல் என்று எல்லோரும் தலைகீழாகவே திட்டம் போடுகிறார்கள். ஹட் பேக்குப் போகிறவர் கப்பலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹட் பே கப்பல்களை ஓட்டுவது அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் துறை. ஹேவ்லாக், நீல் தீவுகள் பக்கம் ஓடுகிற தனியார் வேகப் படகுகளை வைத்து இதை எடைபோடாதீர்கள். தூரம் சுமார் 120 கிலோமீட்டர், கடலைப் பொறுத்து 6 முதல் 8 மணி நேரம். டிக்கெட் மாதக்கணக்கில் முன்னால் திறக்காது, புறப்பாட்டுக்குச் சில நாள் முன்புதான் திறக்கும். அதனால்தான் உங்கள் தேதி காட்டவில்லை. இன்னும் திறக்காத டிக்கெட்டை எந்த ஏஜென்டாலும் 'கண்டிப்பாக' வாங்க முடியாது. பணம் அனுப்பாதீர்கள்.

கயல்_சேலம்
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். ஐந்து பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி, பையனுக்கு ஆறு வயது. 29 இரவு ஹட் பேயில் கப்பல் ஏறி, 30 காலை போர்ட் பிளேர் வந்து, மதியம் விமானம் பிடிப்பதாகத் திட்டம்.

பாலா_தூத்துக்குடி
சிக்கலே இங்கேதான் இருக்கிறது! போவதைவிடத் திரும்புவதுதான் பெரிய கவலை. டிசம்பரில் அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாவது வழக்கம். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் கப்பல் நிற்கும். அப்போது மதிய விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. விமானத்தை 31க்கோ 1க்கோ தள்ளுங்கள். நடுவில் ஒரு முழு நாள் போர்ட் பிளேரில் சும்மா இருந்தாலும் பரவாயில்லை, செல்லுலார் சிறை பார்க்கலாம்.

அபர்டீன்_செல்வி
பாலா அண்ணன் சொல்வதுதான் சரி. கயல், நீங்கள் இறங்கிய அன்றே இங்கே போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே கப்பல் டிக்கெட் கவுன்டருக்குப் போய், போவதற்கும் வருவதற்கும் கப்பல் நிலவரம் கேளுங்கள். ஆன்லைனிலும் பாருங்கள். எல்லோருடைய அசல் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும், தீவுக்காரர் கட்டணமும் வெளியூர்க்காரர் கட்டணமும் வேறு. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், அட்டவணையில் அந்தப் பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம்.

அம்மாவுக்குப் படுக்கை வசதி உள்ள வகுப்பே எடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள். கப்பலில் ஏறும் படி செங்குத்தாக இருக்கும், ஊழியர்களிடம் முன்கூட்டியே சொன்னால் கை கொடுப்பார்கள்.

ரகு77
அப்படியானால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் இடம் கேளுங்கள். ஆட்டம் குறைவு. வாந்தி மாத்திரையைக் கப்பல் அசைவதற்கு முன்பே போட வேண்டும். பையனுக்கு எவ்வளவு என்று மருத்துவரைக் கேளுங்கள்.

தினேஷ்_அலைச்சறுக்கு
ரிசார்ட் பற்றி யாருமே சொல்லவில்லையே. ஹேவ்லாக் மாதிரி ரிசார்ட் அங்கே தேடாதீர்கள். சின்னச் சின்ன விடுதிகள், குடில்கள்தான். நேதாஜி நகர் பக்கம் தங்கினால் கடல் பக்கத்திலேயே இருக்கும். பட்லர் பே கடற்கரை, ஹட் பே ஜெட்டியிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர், நாட்டிலேயே நல்ல அலைச்சறுக்கு அலை அங்கேதான் என்பேன். பையனை அலையில் இறக்குங்கள், பயப்படவே வேண்டாம்!

திமிங்கிலம் (மூத்த உறுப்பினர்)
ஆறு வயதுப் பையனுக்கு இப்படியா ஆலோசனை சொல்வது? உப்புநீர் முதலை உள்ள தீவு அது. ஓடை கடலில் கலக்கிற இடத்தில் கால் நனைக்கக்கூடக் கூடாது. 2010ல் ஹேவ்லாக்கிலேயே ஒரு அமெரிக்கப் பயணி முதலையிடம் உயிரை விட்டார்.

தினேஷ்_அலைச்சறுக்கு
முதலை எல்லா இடத்திலும் நிற்கவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் தினமும் குளிக்கிறார்கள். உங்களைப் போன்றவர்கள் பயமுறுத்தியே அந்தத் தீவுக்கு யாரும் வருவதில்லை. அங்கே விடுதி நடத்துகிறவன் எப்படிப் பிழைப்பான்?

நெய்தல்_மீனா
எல்லோரும் வந்துதான் ஆக வேண்டுமா? அது ஓங்கே பழங்குடி மக்களின் தீவு. நூற்றுச் சொச்சம் பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். குடியேற்றத்துக்கும் மரத்துக்கும் எண்ணெய்ப் பனைக்கும் காட்டை ஏற்கெனவே நிறைய எடுத்தாகிவிட்டது, பனை மட்டும் 1500 ஹெக்டேருக்கு மேல். 2021ல் பெருநகரத் திட்டம் என்று ஒன்றும் பேச்சில் அடிபட்டது. டுகாங் க்ரீக், சவுத் பே எல்லாம் பழங்குடிக் காப்பகம். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். பைக் வாடகைக்கு விடுகிறவர் 'கூட்டிப் போகிறேன்' என்றாலும் போகக்கூடாது. படம் எடுக்கவே கூடாது.

தினேஷ்_அலைச்சறுக்கு
காப்பகத்துக்குள் போகச் சொன்னேனா? குடியேறியவர்களும் மனிதர்கள்தான் அக்கா. கிழக்கு பாகிஸ்தானிலிருந்து ஓடிவந்தவர்களைக் கொண்டுபோய் வைத்தது அரசு. 2004 சுனாமியில் எல்லாம் இழந்து திரும்பக் கட்டியவர்கள். இரண்டு பயணிகள் வந்து மீன்குழம்பு சாப்பிட்டால் காடு அழியாது.

நெய்தல்_மீனா
இரண்டு பேர் வந்தால் அழியாது தம்பி. இரண்டாயிரம் பேருக்குச் சாலையும் ஓட்டலும் போடும்போதுதான் அழியும். தோணியாமை அந்தத் தீவுக் கடற்கரையில் முட்டையிட வருகிறது, உலகிலேயே பெரிய கடலாமை அது. விளக்கு வெளிச்சம் இருந்தால் ஒதுங்கிவிடும். அதையும் யோசியுங்கள்.

அபர்டீன்_செல்வி
இதைத் தனி இழையில் பேசலாமே. கயலுக்கு இன்னும் சில விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும், காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். வைட் சர்ஃப் அருவி ஜெட்டிக்குக் கிட்டத்தில்தான், ஆனால் வழி சகதியாக இருக்கும், அம்மாவுக்கு வேண்டாம். மலேரியா உள்ள தீவு, கொசுவலை கேட்டு வாங்குங்கள், மணல் ஈக்கும் ஏதாவது தடவிக்கொள்ளுங்கள். பணம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2020ல் சென்னையிலிருந்து வந்த கடலடிக் கேபிள் ஹட் பே வரை போகிறது, இருந்தாலும் பணம் அனுப்பும் செயலியை மட்டும் நம்ப வேண்டாம். சிப்பி, பவளம் எதையும் பையன் எடுத்துவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், விமான நிலையத்தில் சோதிப்பார்கள். அம்மாவின் மருந்து கூடுதலாகவே இருக்கட்டும். ஹட் பேயில் அரசு மருத்துவமனை உண்டு, பெரிதாக ஏதாவது என்றால் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும்.

ரகு77
ஹெலிகாப்டருக்கு ஒரு விண்ணப்பம் போட்டு வைப்பதில் தவறில்லை என்று இப்போதும் சொல்கிறேன்.

கயல்_சேலம்
எல்லோருக்கும் நன்றி. ஏஜென்டுக்குப் பணம் அனுப்பவில்லை. விமானத்தை ஜனவரி 1க்கு மாற்றிவிட்டேன். விடுதி நேதாஜி நகரில் பேசியிருக்கிறேன், கப்பல் உறுதியானதும் பணம் தந்தால் போதும் என்றார்கள்.

பாலா_தூத்துக்குடி
நல்லது. திரும்பி வந்ததும் எந்தக் கப்பல், எத்தனை மணி நேரம், டிக்கெட் எத்தனை நாள் முன்னால் திறந்தது என்று இங்கேயே எழுதுங்கள். அடுத்து கேட்பவருக்கு உதவும்.

சுதா_நாகை
கயல், போய் வந்தீர்களா? நாங்கள் பிப்ரவரியில் கிளம்புகிறோம். அம்மாவால் கப்பல் படி ஏற முடிந்ததா? என் மாமியாருக்கும் முழங்கால்தான்.