[கலைச்சொல்] 'புரோ போனோ' – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்பர்களே,
எங்கள் வழக்கறிஞர் சங்க ஆண்டு விழாவில், ஃபீஸ் வாங்காமல் வழக்கு நடத்திய உறுப்பினர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கிறோம். ஆங்கில வாசகத்தில் 'புரோ போனோ' இருக்கிறது. தமிழில் அந்த இடம் காலி. வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். 'இலவச சட்ட உதவி' என்று போட முடியாது. அது 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி சட்டப் பணிகள் ஆணைக்குழு செய்வது. வழக்கறிஞருக்கு அங்கே மதிப்பூதியம் உண்டு. இவர்கள் தாமாகவே முன்வந்தவர்கள்.
— செய்திமடல் தொகுப்பாளர்

லத்தீனில் முழுத்தொடர் 'புரோ போனோ பப்ளிகோ', அதாவது 'பொது நன்மைக்காக'. 'பொதுநல வழக்காடல்' என்று போட்டுவிடலாமே?
— மொழிபெயர்ப்பாளர், சென்னை

வேண்டாம் ஐயா. பொதுநல வழக்கு என்றால் ஏரி ஆக்கிரமிப்புக்கு உயர் நீதிமன்றம் போவது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இங்கே பேசுவது ஓர் ஏழையின் ஜாமீன் மனுவை.
— வழக்கறிஞர், மதுரை

வள்ளுவர் கொடுத்த சொல் இருக்கும்போது ஏன் தேட வேண்டும்? ஒப்புரவு, அதாவது பதிலுக்கு எதுவும் எதிர்பாராமல் உதவுவது! 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' என்றுதான் அந்த அதிகாரமே தொடங்குகிறது. பரிமேலழகர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: ஒப்புரவு அறநூல்களில் சொல்லப்படாமல் தாமே அறிந்து செய்வது, அதனால்தான் அதிகாரத்துக்கு 'ஒப்புரவறிதல்' என்ற பெயர் என்கிறார். சட்டம் விதித்த உதவிக்கும் தானே செய்யும் உதவிக்கும் உள்ள வேறுபாடு இதுதானே? 'ஒப்புரவு வழக்காடல்' என்று எழுதுங்கள். 'வக்காலத்து' என்ற அரபுச் சொல்லையும் இதோடு தூக்கிவிடலாம்.
— தமிழாசிரியர், தஞ்சாவூர்

ஐயா, விளக்கம் அருமை. ஆனால் எங்கள் ஊர்க் கத்தோலிக்கர்களுக்கு ஒப்புரவு என்றால் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவது, 'ஒப்புரவு அருட்சாதனம்'. விவிலியத்திலும் ஒப்புரவாதல் என்றால் பகை தீர்ந்து சேர்வதுதான். 'ஒப்புரவு வழக்காடல்' என்று படித்தால் சமரச மையத்தில் பேசி முடித்த வழக்கு என்று நினைப்பேன். வக்காலத்தையும் விட்டுவிடுங்கள். 'அவனுக்கு வக்காலத்து வாங்காதே' என்று சண்டையில்கூடச் சொல்கிறோம், அது நம் சொல் ஆகிவிட்டது.
— மொழிபெயர்ப்பாளர், தூத்துக்குடி

வழக்கு என்றாலே உலகவழக்கும் நீதிமன்ற வழக்கும் சேர்ந்துதானே! தொல்காப்பியப் பாயிரம் 'வழக்கும் செய்யுளும்' என்கிறது. வழங்குவதே வழக்கு. மக்கள் வழங்காத சொல்லை வைத்து வழக்காடுவது எப்படி?
— மொழிபெயர்ப்பாளர், சென்னை

'கட்டணமில்லா வழக்காடல்' என்று சிலர் தனிமடலில் சொல்கிறார்கள். நான் பட்டதைச் சொல்கிறேன். ஓர் அம்மா மஞ்சப்பையில் பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தார், வீட்டுமனைத் தகராறு. கட்டணமில்லாமல் நடத்துகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். நீதிமன்றக் கட்டணத்துக்குப் பணம் வேண்டும் என்றதும் அந்தச் சீட்டை எடுத்து மேசையில் விரித்து, விரலால் அழுத்திக் காட்டினார். "கட்டணம் இல்லைன்னு நீங்கதானே எழுதினீங்க?" பதில் சொல்லத் தெரியவில்லை. இல்லாதது என் கட்டணம் மட்டும். ஆகவே 'கட்டணம் பெறாமல்' என்று, யார் பெறவில்லை என்பது தெரிகிற மாதிரி போடுங்கள்.
— வழக்கறிஞர், மதுரை

அது சொல் இல்லை அம்மா, விளக்கம். கலைச்சொல் என்றால் பெயராக நிற்க வேண்டும். 'தமக்கென முயலா நோன்றாள், பிறர்க்கென முயலுநர்' என்று புறநானூற்றில் இருக்கிறது. ஒப்புரவு வேண்டாம் என்றால் 'பிறர்க்கென வழக்காடல்' என்றாவது எழுதுங்கள்.
— தமிழாசிரியர், தஞ்சாவூர்

வழக்கறிஞர் எப்போதுமே பிறருக்காகத்தானே வாதாடுகிறார், ஐயா?
— மொழிபெயர்ப்பாளர், தூத்துக்குடி

எல்லோருக்கும் நன்றி. இதுவரை எழுதியவர்களில் மூன்று பேர் 'கட்டணம் பெறாமல்' பக்கம். 'தம் கட்டணம் பெறாமல் வழக்கு நடத்தியமைக்காக' என்று கொடுத்துவிட்டேன். 'தம்' மதுரை வழக்கறிஞர் அம்மாவுக்காகச் சேர்த்தது.
— செய்திமடல் தொகுப்பாளர்

அச்சுக்குப் போகட்டும், சரி. ஆனால் பெறாததைச் சொல்லிவிட்டு, கொடுத்ததைச் சொல்லாமல் விட்டிருக்கிறோம். பார் கவுன்சில் விதிகளே ஏழைக்குக் கட்டணமின்றி உதவுவதை வழக்கறிஞரின் உயர்ந்த கடமைகளில் ஒன்று என்கின்றன. அடுத்த ஆண்டுச் சான்றிதழுக்கு முன் மறுபடியும் எழுதுவேன்.
— தமிழாசிரியர், தஞ்சாவூர்